ஜாம் பேண்ட் ஷோவுக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜாம் பேண்ட் இசை மேல் எனக்குள்ள பிரியம் தெரிந்த நண்பர்களும் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களும் "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்று கிளம்புவார்கள். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்காவில் நடக்கும் ஷோக்களை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இந்த இசை பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான்.

"ஜாம் பேண்டுன்னா என்ன? சாதாரண ராக் பேண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

வாத்தியங்கள் அதே கிடார், பேஸ், கீபோர்ட், டிரம்ஸ்தான். வித்தியாசம் பாட்டுக்கு நடுவில் வருகிறது. எழுதி வைத்த பல்லவியும் சரணமும் முடிந்ததும், யாரும் எழுதி வைக்காத ஒரு பகுதியை மேடையில் நின்றபடியே எல்லோரும் சேர்ந்து உண்டாக்குகிறார்கள். அதுதான் ஜாம். அது ஐந்து நிமிடம் ஓடலாம், அரை மணி நேரமும் ஓடலாம். இன்னொன்று, ஒவ்வொரு இரவும் பாட்டு வரிசை மாறும். நேற்று வாசித்ததை இன்று அநேகமாக வாசிக்க மாட்டார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர்கள் 1965-இல் கலிஃபோர்னியாவில் உருவான கிரேட்ஃபுல் டெட், சுருக்கமாக டெட். முப்பது வருடங்களில் 2,300-க்கும் மேற்பட்ட ஷோக்கள் வாசித்தார்கள். கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் மறைந்ததோடு அந்தப் பேண்ட் முடிந்தது. அடுத்த தலைமுறையில் பெரிய பெயர் ஃபிஷ். 1983-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்கள், நடுவில் சில வருடங்கள் பிரிந்து 2009-இல் திரும்பச் சேர்ந்தார்கள், இன்னும் வாசிக்கிறார்கள்.

"ஒரே பாட்டை இருபது நிமிஷம் வாசிப்பாங்களாமே, போரடிக்காதா?"

ஒரே விஷயத்தை இருபது நிமிடம் வாசித்தால் போரடிக்கத்தான் செய்யும். ஆனால் நல்ல ஜாமில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். தாளத்தின் கனம் மாறும், சுருதி இடம் மாறும், கிடார் பின்வாங்கிக் கீபோர்ட் முன்னால் வரும். ஆரம்பித்த இடமும் வந்து சேர்ந்த இடமும் இரண்டு வேறு பாட்டுகளோ என்று தோன்றும்.

டெட்டின் 'டார்க் ஸ்டார்' 1968-இல் தனிப்பாட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த வருடம் வெளிவந்த நேரடிப் பதிவில் அதே பாட்டு 23 நிமிடம். ஃபிஷ் 2013 ஜூலை 31 அன்று டாஹோ ஏரிக் கரையில் வாசித்த 'ட்வீசர்' ஏறக்குறைய 37 நிமிடம். அந்த இரவைப் பற்றி ரசிகர்கள் இன்றும் பேசுவது அதன் நீளத்துக்காக இல்லை. நடுவில் கூட்டமே சேர்ந்து குரல் கொடுக்க, பேண்ட் அதைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாக வாசித்ததற்காகத்தான். பதிவில் அந்த இடத்தைத் தெளிவாகக் கேட்கலாம்.

"எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு வாசிக்கிறதுதானே?"

பாட்டு எழுதப்பட்டது, ஜாம் எழுதப்படாதது. பயிற்சி இல்லாமல் இது வராது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பயிற்சி செய்வது ஒருவரை ஒருவர் கேட்பதற்கு. ஃபிஷ் தொடக்க காலத்தில் ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு சின்னச் சொற்கட்டை வாசிக்க ஆரம்பிப்பார். மற்ற மூவரும் அதற்கு இடம் கொடுத்துத் தங்கள் பங்கைச் சேர்ப்பார்கள். மற்ற மூவரும் வாசிப்பது தனக்குத் தெளிவாகக் கேட்கிறது என்று உறுதியானதும் ஒவ்வொருவரும் "ஹே" என்று சொல்ல வேண்டும். நால்வரும் சொன்ன பிறகுதான் அடுத்தவர் ஒன்றை மாற்றலாம். மணிக்கணக்கில் இதைச் செய்தார்கள்.

அம்ஃப்ரீஸ் மெக்கீ என்ற பேண்ட் மேடையில் கை சைகைகளும் தங்களுக்குள் மட்டும் கேட்கும் மைக்குகளும் வைத்துக்கொண்டு, வாசிக்கும்போதே "இப்போது இந்த இடத்துக்குப் போகலாம்" என்று பேசிக்கொள்கிறார்கள். சில பேண்டுகளில் கண் பார்வை மட்டும்தான். கிடார்காரர் தலையைத் தூக்கி டிரம்ஸ்காரரைப் பார்த்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். முன்வரிசைக்காரர்கள் அதற்காகவே முன்னால் நிற்கிறார்கள்.

"நம்ம கர்நாடகக் கச்சேரியில வர்ற மனோதர்மம் மாதிரியா?"

தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. கீர்த்தனை முடிந்து நிரவலும் கல்பனாஸ்வரமும் விரிவது போலத்தான் பாட்டிலிருந்து ஜாம் விரிகிறது. டெட் ஷோவின் இரண்டாம் பாதியில் மற்றவர்கள் எல்லோரும் மேடையை விட்டுப் போய்விட, இரண்டு டிரம்ஸ்காரர்கள் மட்டும் வாசிக்கும் ஒரு பகுதி உண்டு. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. அந்த நேரத்தில் வெளியே எழுந்து போகிற ஆட்களும் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள்!

வித்தியாசம் எங்கே என்றால், கச்சேரியில் பாடகர் நடத்துகிறார், பக்கவாத்தியம் பின்தொடர்கிறது. ராகத்தின் எல்லையும் தாளத்தின் கணக்கும் மாறாது. ஜாமில் யார் நடத்துகிறார் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சுருதியும் தாளமுமே கைவிடப்பட்டுப் புதிதாக ஒன்று பிறக்கலாம். அதனால் திரும்பி வந்து சேரும் இடம் உறுதி இல்லை.

வெறும் ஒற்றுமையோடு இது நிற்கவும் இல்லை. டெட்டின் டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றுக்கொண்டவர். 1991-இல் அவர் கொண்டுவந்த 'பிளானெட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் ஹுசேனும் நம் கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார்கள். உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அந்த ஆல்பத்துக்குத்தான். டெட் வாசித்த பதினொன்று எண்ணிக்கைத் தாளத்தையும் பத்து எண்ணிக்கைத் தாளத்தையும் கேட்டு, கை தானாகத் தொடைக்குப் போகாத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.

"பாட்டே தெரியாம போனா ஒண்ணும் புரியாதே?"

புரியும். வரிகள் தெரியவேண்டிய அவசியமே இல்லை. பல பாட்டுகளில் வரிகள் வினோதமானவை, அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போவதற்கு முன்னால் அந்தப் பேண்டின் சமீபத்திய ஷோ ஒன்றை முழுதாக, நடந்துகொண்டோ சமைத்துக்கொண்டோ ஒருமுறை கேட்டால் போதும். ஸ்டூடியோ ஆல்பம் வேண்டாம், அதில் இந்தப் பேண்டுகளின் பாதி உருவம்கூடத் தெரியாது.

"எந்தப் பேண்டுல ஆரம்பிக்கலாம்?"

உங்கள் காதைப் பொறுத்தது. பழைய நாட்டுப்புறப் பாட்டு, புளூஸ் சாயல் பிடிக்கும் என்றால் டெட்டின் பழைய பதிவுகள். அவற்றில் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்தது நல்ல வாசல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011 பட்டியலில் அதைச் சேர்த்தது. சிக்கலான அமைப்பு, விளையாட்டு, திடீர்த் திருப்பம் பிடிக்கும் என்றால் ஃபிஷ். வேகமான விரல் வேலை பிடிக்கும் என்றால் பில்லி ஸ்ட்ரிங்ஸ். மாண்டலின், பான்ஜோ, ஃபிடில் என்று புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஒரு வகை) வாத்தியங்களோடு ஜாம் செய்கிறார். கனெக்டிகட்டிலிருந்து வந்த கூஸ் புதிதாகக் கேட்பவர்களுக்கு எளிதாகப் பிடிபடும். ஜார்ஜியாவின் வைட்ஸ்ப்ரெட் பேனிக் கொஞ்சம் இருண்ட, கனமான தெற்கத்திய ராக்.

என் விருப்பம் ஃபிஷ்தான், மறைக்கவில்லை. ஆனால் முதல்முறை வருகிறவரை நான் பெரும்பாலும் பில்லி ஸ்ட்ரிங்ஸுக்குத்தான் கூட்டிப் போவேன். ஐந்தாவது நிமிடத்திலேயே முகம் மலர்ந்துவிடும்.

"டிக்கெட் கிடைக்கலை. வெளியில ஒரு விரலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

டிக்கெட் இல்லாதவர்கள். ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் "எனக்கு ஒரு டிக்கெட் வேண்டும்" என்று அர்த்தம். யாராவது சும்மாவே ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்கு 'மிராக்கிள்' என்று பெயர். நிஜமாகவே நடக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூட வரவேண்டிய நண்பர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால், கையில் மிஞ்சும் டிக்கெட்டை அதிக விலைக்கு விற்பது இந்தக் கூட்டத்தில் அவமானமான காரியம்.

அதனால் நீங்களும் மறுவிற்பனைத் தளங்களில் மூன்று மடங்கு கொடுக்க அவசரப்படாதீர்கள். கேஷ்ஆர்ட்ரேட் என்ற தளம் ரசிகர்கள் வாங்கிய விலைக்கே டிக்கெட்டைக் கைமாற்றிக்கொள்வதற்காகத் தொடங்கப்பட்டது. ஷோவுக்கு முந்தின இரண்டு நாளில் அதில் நிறைய டிக்கெட்டுகள் வரும்.

"எத்தனை மணிக்குப் போகணும்? எத்தனை மணி நேரம் ஓடும்?"

பெரும்பாலும் முன்னால் வாசிக்க வேறொரு பேண்ட் என்று ஒன்று இருக்காது. ஒரு செட் (தொடர்ந்து வாசிக்கும் ஒரு பகுதி), இடைவேளை, இரண்டாவது செட், அப்புறம் என்கோர், அதாவது இறங்கிப் போனவர்கள் திரும்ப மேடை ஏறி வாசிப்பது. மொத்தம் மூன்று, மூன்றேகால் மணி நேரம். டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு அரை மணி நேரம் தள்ளித்தான் தொடங்குவார்கள் என்றாலும் அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

முதல் செட்டில் குறுகிய பாட்டுகள் அதிகம் இருக்கும். நீண்ட ஜாம்கள் பெரும்பாலும் இரண்டாவது செட்டில்தான் வரும். இடைவேளை முடிந்து விளக்கு அணைவதற்குள் கழிவறை, தண்ணீர் எல்லாம் முடித்துக்கொண்டு இடத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது செட்டின் முதல் பாட்டைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

"பார்க்கிங் லாட்டுல ஏதோ சந்தை மாதிரி நடக்குமாமே?"

ஆமாம். ஷேக்டவுன் ஸ்ட்ரீட் என்று சொல்வார்கள், டெட்டின் பாட்டு ஒன்றின் பெயர். வரிசையாக நிறுத்திய வேன்களுக்கு முன்னால் மேசை போட்டு, சாயம் தோய்த்த டி-ஷர்ட், கையால் அச்சடித்த போஸ்டர், சிறிய உலோக பின்கள், கேஸ் அடுப்பில் சுடச்சுட கிரில்டு சீஸ் விற்பார்கள். விற்கிறவர்களில் பலர் அந்த வருமானத்தில்தான் அடுத்த ஊர் ஷோவுக்குப் போகிறார்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் ஒரு சுற்று சுற்றுங்கள். ரொக்கம் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

"போதைப்பொருள் புழங்கும்னு சொல்றாங்க. எனக்கு அது வேண்டாம், பயமாவும் இருக்கு. வரலாமா?"

தாராளமாக வரலாம். இந்த இசையின் வரலாற்றில் போதைக்குப் பங்கு உண்டு, அதை மறுப்பது பொய். லாட்டில் உருளை வைத்து நைட்ரஸ் ஆக்சைடு பலூன் விற்கிறவர்களைப் பார்ப்பீர்கள். அது ரசிகர்களோடு சம்பந்தமே இல்லாத வியாபாரம், ஆபத்தானது, அந்தப் பக்கம் போகாதீர்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் எதையும் வாயில் போடாதீர்கள்.

அதே சமயம், போதை இல்லாமல் இசை கேட்க வருகிறவர்களுக்கென்றே குழுக்கள் இருக்கின்றன. டெட் ரசிகர்களில் வார்ஃப் ராட்ஸ், ஃபிஷ் ரசிகர்களில் ஃபெலோஷிப். அரங்குக்குள் மஞ்சள் பலூன் கட்டிய மேசை ஒன்று இருக்கும். இடைவேளையில் அங்கே கூடிப் பேசுவார்கள். தனியாக வந்து சங்கடமாக உணர்கிறவர்கள் நேராக அந்த மேசைக்குப் போகலாம். நானும் எதுவும் தொடாமல் கேட்கிறவன்தான். ஜாமைப் பின்தொடரத் தெளிவான தலை ஒரு பெரிய வசதி.

"எங்கே நின்னா நல்லாக் கேட்கும்?"

ஒலி கலக்கும் மேசை தரையின் நடுவில், கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அதற்குப் பக்கத்திலோ சற்று முன்னாலோ நில்லுங்கள். ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படி கலக்குகிறார், அவர் காது இருக்கும் இடம் அது. மேடைக்கு ஒட்டி நின்றால் முகங்கள் தெரியும், ஆனால் ஒலி சிதறும்.

ரசிகர்களுக்குப் பழக்கமான இடங்களும் உண்டு. ஃபிஷ் ஷோவில் கூட்டத்துக்கு இடப்பக்கம் கீபோர்ட் கலைஞர் பேஜ் மெக்கானல் இருப்பதால் அது பேஜ் சைட். ஆட்டம் அங்கே அதிகம். டெட் காலத்தில் பேஸ் கலைஞர் ஃபில் லெஷுக்கு நேர் எதிரே ஃபில் ஸோன். அவர் வாசித்த கீழ் ஸ்தாயி நெஞ்செலும்பில் அதிரும் என்பதற்காகவே அங்கே இடம் பிடிப்பார்கள். 1974-இல் டெட் சுமார் 600 ஒலிபெருக்கிகளை மேடைக்குப் பின்னால் சுவராக அடுக்கி வைத்ததும், கடைசி வரிசை வரை ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான்.

"எனக்கு ஆடத் தெரியாது. சும்மா நின்னா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?"

யாரும் பார்க்க மாட்டார்கள். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அங்கே யாருக்குமே ஆடத் தெரியாது என்றும் சொல்லலாம். கற்றுக்கொண்ட அசைவு என்று எதுவும் கிடையாது. ஒருவர் தோளை மட்டும் ஆட்டுவார், ஒருவர் கையால் காற்றில் கோலம் போடுவார், ஒருவர் ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருப்பார். அறுபது வயதுக்காரர் ஒருவர் மூன்று மணி நேரமும் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உங்கள் கூச்சம் போய்விடும். இடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கை வீச இடம் வேண்டும். செருப்பு வேண்டாம், வசதியான ஷூ போடுங்கள்.

"குழந்தையைக் கூட்டிக்கிட்டு வரலாமா? காதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

வரலாம், ஆனால் காது மூடி கட்டாயம். குழந்தைக்குத் தலையைச் சுற்றிப் போடும் வகை, உங்களுக்குக் காதுக்குள் வைக்கும் வகை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ராக் ஷோ சுலபமாக அந்த அளவைத் தொடும், நீங்கள் நிற்கப்போவதோ மூன்று மணி நேரம். கடைகளில் கிடைக்கும் பஞ்சு வகை உச்ச ஸ்வரங்களை விழுங்கிவிடும். இசைக்கென்றே செய்த காது அடைப்பான்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கும், நல்ல ஒலி நல்ல ஒலியாகவே கேட்கும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

"திடீர்னு எல்லாரும் ஒண்ணாக் கத்துறாங்க. எனக்கு மட்டும் ஏன்னு தெரியலை."

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பல வருடங்களாக வாசிக்காத பாட்டின் முதல் சில ஸ்வரங்கள் கேட்டிருக்கும். அதற்கு பஸ்ட்-அவுட் என்று பெயர். அல்லது ஜாமின் நடுவில் வேறொரு பாட்டின் மெட்டைத் தொட்டுக் காட்டியிருப்பார்கள், அது டீஸ். அல்லது நெடுநேரம் கட்டி எழுப்பிய இறுக்கம் உடைந்து உச்சத்துக்குப் போயிருக்கும். மூன்றாவதற்கு எந்த விளக்கமும் தேவைப்படாது, உங்கள் தொண்டையும் தானாகத் திறந்துவிடும்.

விளக்குகளையும் கவனியுங்கள். ஃபிஷ்ஷின் விளக்குகளை 1989 முதல் இயக்கும் கிறிஸ் குரோடாவை ரசிகர்கள் ஐந்தாவது உறுப்பினர் என்றே சொல்கிறார்கள். ஜாம் எழுதி வைக்கப்படாதது என்பதால் விளக்குகளையும் அவர் அந்தந்தக் கணத்தில் கேட்டுக் கேட்டு மாற்றுகிறார். சில சமயம் உச்சம் வரப்போவது இசையில் தெரிவதற்கு ஒரு கணம் முன்பே விளக்கில் தெரியும்.

"பக்கத்துல ஒருத்தர் ஷோ முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கார். என்ன செய்யறது?"

இவர்களுக்கு சாம்ப்பர் என்று ரசிகர் வட்டத்தில் பெயரே இருக்கிறது. சத்தமான பாட்டில் பரவாயில்லை, ஜாம் மெல்லிசாகி ஒற்றைக் கீபோர்ட் ஸ்வரம் மட்டும் தொங்கும் நேரத்தில் வீட்டுக் கடன் வட்டி பற்றிய பேச்சு காதில் விழுந்தால் வேதனையாக இருக்கும். ஒருமுறை சிரித்த முகத்தோடு சொல்லிப் பாருங்கள். மாறவில்லை என்றால் பத்தடி நகர்ந்துவிடுங்கள். சண்டை போட்டால் உங்கள் ஜாமும் போய்விடும். போனைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் வீடியோ எடுப்பதும் அதே வகைத் தொந்தரவுதான்.

"அப்படின்னா ரெகார்ட் பண்ணவே கூடாதா? பெரிய மைக் கம்பத்தோட நிறையப் பேர் நிக்கிறாங்களே?"

அவர்கள் டேப்பர்கள். இந்தப் பேண்டுகள் பலவும் ஒலிப்பதிவை அனுமதிக்கின்றன. டெட் 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லியில் முதன்முறையாக டேப்பர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது. ஒலி மேசைக்குப் பின்னால் மைக் கம்பங்கள் காடாக நிற்கும் இடம் அது. பதிவை விற்கக் கூடாது, பகிர்ந்துகொள்ளலாம் என்பதே விதி. அந்தக் காலத்தில் கேசட்டுகளைத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். ரேடியோ ஆதரவு பெரிதாக இல்லாமலேயே இந்த இசை பரவியது அப்படித்தான். இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கான ஷோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு வேண்டுகோள்: டேப்பர்களுக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் கைதட்டலையும் விசிலையும் கொஞ்சம் அடக்குங்கள். உங்கள் விசில் பல வருடங்களுக்குப் பலர் காதில் விழும்.

"பாட்டுப் பட்டியல்ல பெயர்களுக்கு நடுவுல அம்புக்குறி போட்டிருக்கே, அது என்ன?"

ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போனது என்று அர்த்தம். ஃபிஷ் ரசிகர்கள் இதிலும் இரண்டு வகை பிரிக்கிறார்கள். வெறும் முனை மட்டும் போட்டால் இடைவெளி விடாமல் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். கோட்டோடு சேர்ந்த முழு அம்பு என்றால், ஒன்று எங்கே முடிந்தது மற்றது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி உருகிக் கலந்தது. முழு அம்பு கிடைத்த இரவுகளைத் தேடிக் கேட்டுப் பாருங்கள், நல்ல வேட்டை.

"டைப் ஒன், டைப் டூன்னு பேசிக்கிறாங்க. எனக்குப் பிடிபடலை."

பாட்டின் தாளமும் சுருதி அமைப்பும் அப்படியே இருக்க, அதன் மேல் கிடார் ஏறி உச்சம் தொட்டுப் பல்லவிக்குத் திரும்பினால் டைப் ஒன். பாட்டின் அமைப்பையே விட்டு வெளியேறினால் டைப் டூ. முதலாவது கேள்விக்குச் சொன்ன ஜாம் இரண்டுக்கும் பொது, மனோதர்மம் பற்றிய பதிலில் சொன்ன 'சுருதியும் தாளமும் கைவிடப்படுவது' இந்த இரண்டாவது வகையில்தான்.

அந்த வெளியேற்றத்தை எப்படிக் கவனிப்பது என்றால், கிடாரை விட்டுவிட்டு மற்ற மூவரைக் கேளுங்கள். முதலில் கிடார் சோலோ மெலிந்து, வெறும் தாள வெட்டாக மாறும். இப்போது முன்னால் யாருமே இல்லை. பேஸ் அதுவரை வந்து அமர்ந்துகொண்டிருந்த ஸ்வரத்தில் அமராமல் வேறொன்றில் போய் நிற்கும். கீபோர்ட்காரர் பியானோவை விட்டு உடம்பைத் திருப்பி ஆர்கன் பக்கம் கையை வைப்பார். டிரம்ஸ் அடி விழும் இடத்தைக் கொஞ்சம் தளர்த்தும். இந்த நான்கும் அரை நிமிடத்துக்குள் நடக்கும். அடுத்து என்ன வரும் என்று மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியாத நேரம் அது. எனக்கு இந்த அரை நிமிடம்தான் டிக்கெட்டின் விலை. உச்சங்கள் எல்லோருக்கும் பிடிக்கும், அவை பிடிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்தத் தத்தளிப்பைக் கேட்கப் பழகியவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

"ஜாம் சொதப்புமா? நான் போன அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலையே."

சொதப்பும். ஒருவர் ஒரு பக்கம் இழுக்க மற்றவர் வராமல் போவார்கள், ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் சுற்றும், சலித்துப்போய் யாராவது அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். முன்பே எழுதிய பாட்டு என்றால் இந்த ஆபத்து கிடையாது, அதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கும் ஒரு எல்லை தெரியும். ஃபிஷ்ஷின் நல்ல இரவுகளைக் கேட்டு அவர்கள் மேல் எதிர்பார்ப்பு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் ஒரு சுமாரான செவ்வாய்க்கிழமையில் ஏமாந்து போவது சகஜம். ஒரு ஷோவை வைத்து ஒரு பேண்டை முடிவு கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

"நேத்துதான் பார்த்தீங்க. இன்னைக்கும் அதே பேண்டுக்கு ஏன் போறீங்க?"

இது பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் கேள்வி. நேற்றைய ஷோ இன்று நடக்காது என்பதுதான் பதில். 2017 ஜூலை, ஆகஸ்டில் ஃபிஷ் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதின்மூன்று இரவுகள் வாசித்தார்கள். மொத்தம் 237 பாட்டுகள், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. 1999 டிசம்பர் 31 அன்று ஃபுளோரிடாவில் நள்ளிரவையொட்டி மேடை ஏறியவர்கள் சூரியன் உதிக்கும் வரை இறங்கவே இல்லை.

தவிர, அடுத்தடுத்த இரவுகளில் கேட்டால் பேண்ட் எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். முதல் நாள் ஒரு ஜாமில் அரைகுறையாகத் தலைகாட்டிய ஒரு மெட்டு மூன்றாம் நாள் வேறொரு பாட்டில் முழு உருவத்தோடு வந்து நிற்கும். ஒருநாள் மட்டும் வந்தவருக்கு அது அழகான மெட்டு. மூன்று நாளும் வந்தவருக்கு அது பிறந்து வளர்ந்தது தெரியும்.

"ஜெர்ரி கார்சியா போனப்புறம் மற்றவங்க வாசிக்கிறது வெறும் நகல்தானே?"

பழைய ரசிகர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. 2015-இல் டெட்டின் சில உறுப்பினர்களோடு பாப் பாடகரும் கிடார் கலைஞருமான ஜான் மேயர் சேர்ந்து டெட் அண்ட் கம்பெனி உருவானபோது பலர் முகம் சுளித்தார்கள். வேகம் குறைந்துவிட்டது என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பாட்டுகள் ஒருவர் குரலோடு முடிந்துபோகிற மாதிரி எழுதப்படவில்லை. ஒவ்வொரு இரவும் வேறாக வாசிக்கவே செய்யப்பட்டவை. 2025 ஆகஸ்டில் அவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் டெட்டின் அறுபதாம் ஆண்டுக்காக மூன்று நாள் வாசித்தபோது, கார்சியா மறைந்த பிறகு பிறந்தவர்கள் ஏராளமாக வந்திருந்தார்கள். கார்சியாவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் திரும்ப வாசித்தால்தான் அது நகல். அப்படி யாரும் செய்யவில்லை.

"ஷோ முடிஞ்சு வீட்டுல பதிவைக் கேட்டேன். அன்னைக்கு இருந்த மாதிரியே இல்லையே?"

எந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்று பாருங்கள். அதிகாரபூர்வமாக வருவது பெரும்பாலும் சவுண்ட்போர்ட் பதிவு, அதாவது ஒலி மேசையிலிருந்து நேரடியாக எடுத்தது. வாத்தியங்கள் துல்லியமாகக் கேட்கும், கூட்டமும் அரங்கின் அதிர்வும் பின்னால் போய்விடும். டேப்பர்களின் ஆடியன்ஸ் பதிவில் வாத்தியம் சற்று மங்கலாக இருக்கும், ஆனால் உச்சம் வரும்போது கூரை முட்ட எழும் சத்தம் அதில் இருக்கும். நீங்கள் நினைவில் வைத்திருப்பது அந்தச் சத்தத்தோடு சேர்ந்த இசையை.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நிற்கும்போது அடுத்த நிமிடம் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, வீட்டில் தெரியும். அதனால் நான் புதியவர்களுக்குச் சொல்வது: முதலில் ஆடியன்ஸ் பதிவைக் கேளுங்கள், ஒரு வாரம் விட்டு சவுண்ட்போர்டைக் கேளுங்கள். இரண்டாவதில் பேஸ் என்ன செய்தது என்பது முதன்முறையாகக் காதில் விழும், அன்று ஆட்டத்தில் அதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.